டெலிவரி ஊழியர்களுக்கு எந்தச் சட்டம்? நான்கு வழிகளை உரசிப் பார்த்தால்

டெலிவரி ஓட்டுகிறவர்களுக்காகச் சங்கம் நடத்தும் ஒருவர் அரசுக்குக் கோரிக்கை மனு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். எங்களை ஊழியர்களாக அறிவியுங்கள் என்று தொடங்குவதா? ஒவ்வொரு ஆர்டருக்கும் நல நிதி பிடியுங்கள் என்பதா? குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் செய்யச் சொல்வதா? இல்லை, நல வாரியம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கு நிதி ஒதுக்கினால் போதும் என்று விட்டுவிடுவதா? நான்கையும் சேர்த்தே கேட்கலாம், தப்பில்லை. ஆனால் பேச்சுவார்த்தை என்று வந்துவிட்டால் நான்கில் மூன்று எப்படியும் கழிந்துபோகும். எது மிஞ்ச வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போவது நல்லது.

நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-ல் நாட்டில் 77 லட்சம் பேர் கிக் வேலையில், அதாவது நிரந்தர வேலை என்றில்லாமல் கிடைக்கும் வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் வேலையில், இருந்ததாகவும், 2029-30-க்குள் அது 2.35 கோடி ஆகும் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேரைச் சட்டம் என்ன பெயரில் அழைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நகரத்துப் பொருளாதாரத்தின் ஒரு பெரிய பகுதி எப்படி இருக்கும் என்பது முடிவாகும்.

சட்டத்துக்குள் போகும் முன் ஒரே ஒரு ஆர்டரைப் பிரித்துப் பார்த்துவிடலாம். இரவு எட்டரை மணி, வேளச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஆர்டர் விழுகிறது. நிற்கும் இடத்திலிருந்து பிரியாணிக் கடை ஒன்றரை கிலோமீட்டர். “அண்ணா, ஆர்டர் ரெடியா?” என்று கேட்டால், கவுன்டரில் இருப்பவர் தலையைத் தூக்காமலே “அஞ்சு நிமிஷம்” என்கிறார். அந்த ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாகிறது. அதற்குள் வாடிக்கையாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அங்கிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடி. கேட்டில் வண்டியை வெளியே விடச் சொல்கிறார்கள், ரிஜிஸ்டரில் எழுதச் சொல்கிறார்கள். சர்வீஸ் லிஃப்ட் எங்கோ மேலே நிற்கிறது. ஓடிபி வாங்கி ‘டெலிவர்ட்’ அழுத்தியதும் ஆப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அடுத்த ஆர்டர் விழ வேண்டும் என்றால் கடைகள் இருக்கும் பக்கம் காலி வண்டியோடு திரும்ப வேண்டும். திரும்பிய பிறகும் ஆர்டர் உடனே விழும் என்று சொல்ல முடியாது.

இதில் எவ்வளவு நேரம் வேலை? பேஅவுட், அதாவது ஆர்டருக்கு நிறுவனம் கொடுக்கும் தொகை, பெரும்பாலும் தூரத்தை வைத்து வருகிறது. கடையில் காத்திருந்ததற்குச் சில சமயம் சில்லறையாக ஏதோ சேரும். திரும்பி வரும் பெட்ரோல் ஓட்டுகிறவர் செலவு. ஆர்டர் இல்லாமல் சாலையோரம் நின்ற அரை மணி நேரம் யார் கணக்கிலும் கிடையாது. ஒரு சட்டம் நல்லதா என்று பார்க்க நான் உரசிப் பார்ப்பது இந்த இடத்தில்தான்: இந்தக் காலி நேரத்தையும் காலி தூரத்தையும் பற்றி அது என்ன சொல்கிறது?

இருக்கிற வாரியமே போதுமா

2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே இருந்த வாரியங்களின் வரிசையில் இன்னொன்று சேர்ந்தது, அவ்வளவுதான். பதிவு செய்தால் அட்டை உண்டு. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சென்னையில் மாநகராட்சி ஏசி ஓய்வறைகளும் கட்டியது. வெயிலில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வழியில் நிறுவனங்கள் எங்கே இருக்கின்றன? படத்திலேயே இல்லை. பணம் அரசுடையது, விண்ணப்பம் தொழிலாளியுடையது. யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எவ்வளவு வாங்கினார் என்று வாரியத்துக்குத் தெரிய வழி இல்லை.

இதையே கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தோடு வைத்துப் பாருங்கள். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ், அதாவது நல நிதிக்கான தனி வரி. கட்டட வரைபட அனுமதி வாங்கப் போகும்போதே அதைக் கட்டியாக வேண்டும். அனுமதி இல்லாமல் கட்ட முடியாது, செஸ் கட்டாமல் அனுமதி கிடையாது. யாரும் சுற்றிப் போக முடியாத வாசலில் உண்டியலை வைத்ததால்தான் அந்த வாரியத்திடம் பணம் சேர்ந்தது. மற்ற பல வாரியங்கள் ஒவ்வொரு ஆண்டும் அரசின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. கிக் வாரியமும் இப்போதைக்கு அந்த வரிசையில்தான் நிற்கிறது.

ஊழியர் என்று அறிவித்தால்

சங்கங்களுக்கு மனதுக்கு நெருக்கமான கோரிக்கை இது. காரணம் புரிகிறது. ஊழியர் என்றால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு ஏறக்குறைய 4.8 சதவீதம். நூறு ரூபாய் சம்பளத்துக்கு மேல் இதுவே இருபது ரூபாய். போனஸும் விடுப்புச் சம்பளமும் தனி.

இதில் மிகப் பெரிய விஷயம் என்று நான் நினைப்பது இஎஸ்ஐ. வேலைக்குப் போகும்போது வண்டி சறுக்கிக் கால் உடைந்து மூன்று மாதம் படுத்துக்கிடக்கிறார் என்றால், இஎஸ்ஐ இருப்பவருக்குச் சிகிச்சையோடு தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்துகொண்டிருக்கும். பணியில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே உண்டு. இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். டெலிவரி நிறுவனங்கள் இப்போது கொடுப்பது குழுக் காப்பீடு. அது பெரும்பாலும் ஆப்பில் ஆன்லைனில் இருந்த நேரத்தோடு கட்டிப்போடப்பட்டது. லாக்அவுட் செய்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அடிபட்டால் கிளெய்ம் சிக்கல்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் வேறு சிலவும் இருக்கின்றன. படுத்திருக்கும் மாதங்களில் அடுப்பு எரிவதற்குத்தான் எதுவும் இல்லை.

வெளிநாட்டில் என்ன ஆயிற்று? பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் (வொர்க்கர்) என்று சொன்னது; அந்த நாட்டுச் சட்டத்தில் அது ஊழியருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இடைப்பட்ட வகை. அதில் ஒரு முக்கியமான வரி உண்டு: தனக்கு உரிமம் உள்ள பகுதியில் ஆப்பைத் திறந்து, சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம்தான். நம் உரசலில் இது அப்படியே தேறுகிறது. ஆனால் அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் ஆட்கள் விஷயத்தில் வேறு மாதிரி முடிவெடுத்தது. தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், அவர்களுக்காகச் சங்கம் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை நிறுவனத்தின் மேல் திணிக்க முடியாது என்றது. ஒரு ஒப்பந்த வரியில் ஆள் உள்ளே, ஒரு வரியில் வெளியே. நிறுவன வக்கீல்களுக்கு இது பாடமாகாமல் போகுமா?

ஸ்பெயின் 2021-ல் ரைடர் சட்டம் கொண்டுவந்து, டெலிவரி செய்பவர் ஊழியர்தான் என்ற அனுமானத்தையே சட்டமாக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் டெலிவரூ கடையைக் கட்டிக்கொண்டு அந்த நாட்டை விட்டே போனது. ஜஸ்ட் ஈட் சங்கங்களோடு உடன்படிக்கை போட்டது. ஊபர் ஈட்ஸ் இடையில் துணை ஒப்பந்தக் கம்பெனிகள் வழியாக ஆள் எடுத்தது. குளோவோ அபராதங்களோடு மல்லுக்கட்டி, 2024 டிசம்பரில்தான் ஊழியர் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. மூன்றரை வருடம்! வலுவான தொழிலாளர் ஆய்வுத் துறையும் நீதிமன்றமும் பின்னால் நின்ற நாட்டிலேயே இந்த நிலைமை.

இங்கே வந்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தத் துணை ஒப்பந்தக்காரர்தான். ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கம் ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அப்ரென்டிஸ் என்று மூன்று வகை ஆட்கள் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஊழியர் என்று அறிவித்த மறுநாள் மேன்பவர் ஏஜென்சிகள் கதவைத் தட்டும். கூடவே ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. இஎஸ்ஐ வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஒருவருக்குப் பேஅவுட் 26,000 வந்து, அதில் பெட்ரோலுக்கும் வண்டிக்கும் ஏழாயிரம் போனால், அவர் சம்பளம் எவ்வளவு என்று எழுதுவது? பெட்ரோலைச் சம்பளத்தோடு சேர்த்தால் அவர் வரம்பைத் தாண்டிவிடுவார். இதைச் சட்டம் தெளிவாகச் சொல்லாவிட்டால் கால் உடைந்த அன்றுதான் வழக்குத் தொடங்கும்.

ஓட்டுகிறவர்களிலும் பாதிப் பேருக்காவது தயக்கம் இருக்கும் என்பது என் எண்ணம். கையில் வரும் பணத்தில் பிஎஃப் பிடித்தம், ஷிப்ட் கட்டாயம், இரண்டு ஆப்பை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாமல் போவது என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. மளிகைச் சாமான் ஆப்களின் டார்க் ஸ்டோருக்குள், அதாவது ஆப் ஆர்டர்களுக்கு மட்டும் இயங்கும் கிடங்குக்குள், ரேக்கிலிருந்து பொருள் எடுத்துப் பை கட்டுகிறவர்கள் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட ஷிப்டில், மேற்பார்வையாளர் சொல்படி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் புதுச் சட்டமே வேண்டாம்; பழைய சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் போதும்.

நிதி பிடிப்பது: ஆண்டுக்கு ஒரு முறையா, ஆர்டருக்கு ஒரு முறையா

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தன. அவற்றில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கிக் தொழிலாளி என்ற பெயரை முதன்முதலாக மத்தியச் சட்டத்தில் ஏற்றியது. முதலாளி-ஊழியர் என்ற வழக்கமான உறவுக்கு வெளியே இருப்பவர் என்பதே அவருக்குத் தரப்பட்ட விளக்கம். அதாவது, நீ ஊழியன் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் கையில் காசைத் தருகிறது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் அது தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே பார்த்த இருபது ரூபாய் இங்கே அதிகபட்சம் ஐந்து ரூபாயாகிவிடுகிறது. பலன் பெற ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாள், பல நிறுவனங்கள் என்றால் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று வரைவு விதிகள் சொல்கின்றன. அந்த நாள்களை யார் எண்ணுவது? நிறுவனம் கொடுக்கும் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் வேறு வழியில் போயின. கட்டணத்தை ஆண்டுக் கணக்கோடு கட்டாமல் ஒவ்வொரு பரிவர்த்தனையோடும் கட்டின. கர்நாடகத்தில் ஒவ்வொரு பேஅவுட்டிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணம். தொழிலாளியை நீக்குவதானால் எழுத்துமூலம் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். காலையில் போனைத் திறந்தால் ஐடி பிளாக் ஆகியிருக்கும், ஏன் என்று கேட்க ஒரு மனித முகம் இருக்காது என்ற நிலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த 14 நாள் சாதாரணம் இல்லை.

ஆனாலும் எனக்கு இந்த வழி பிடிப்பதற்குக் காரணம் கட்டணமும் இல்லை, 14 நாளும் இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பிடித்தம் நடக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அரசின் கணக்குப் பொறியில், அதாவது அதற்கென்று வைக்கும் கணினி அமைப்பில், பதிவாக வேண்டும். இரண்டு மாநிலச் சட்டங்களிலும் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. இதுவரை நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருந்த கணக்கு முதன்முறையாக வெளியே வருகிறது. 90 நாள் எண்ணிக்கை, விபத்து நடந்தபோது ஆர்டரில் இருந்தாரா என்ற கேள்வி, போன வருடத்தைவிட ஒரு கிலோமீட்டருக்குக் கூலி குறைந்ததா என்ற சண்டை எல்லாமே அந்தக் கணக்கு இல்லாமல் வெறும் வாய்ப் பேச்சு. கட்டுமான வாரியத்துக்கு வரைபட அனுமதி எப்படியோ, அப்படி இங்கே பணம் கடந்துபோகும் வாசல் இது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. காலி நேரத்தைப் பற்றி இந்தச் சட்டங்கள் வாய் திறப்பதில்லை. ஐந்து சதவீதம் கட்டும் நிறுவனம் அடிப்படைக் கூலியை ஐந்து சதவீதம் குறைத்துவிட்டால் யார் தடுப்பது? இன்னொன்று, மத்தியச் சட்டம் ஒரு பக்கமும் மாநிலச் சட்டம் ஒரு பக்கமுமாக ஒரே பேஅவுட்டில் இரண்டு கை நீளலாமா என்ற கேள்வி. தொழிலாளர் நலன் மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் இது நீதிமன்றம் போகாமல் தீராது என்றே தோன்றுகிறது.

மணிக்கு இவ்வளவு என்று தரை போட்டால்

நியூயார்க் நகரம் ஊழியரா இல்லையா என்ற வாதத்தையே ஓரமாக வைத்தது. நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மணிக்குக் குறைந்தது இவ்வளவு கொடுங்கள் என்றது. 2023 டிசம்பரில் 17.96 டாலரில் தொடங்கிய அந்தத் தொகை 2025 ஏப்ரலில் 21.44 ஆனது. ஓட்டும் நேரத்தோடு ஆர்டருக்காக ஆன்லைனில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டு வைத்த விலை அது. நான்கு வழிகளில் நம் பிரியாணிக் கடை இருபது நிமிஷத்தை நேராகத் தொடுவது இதுதான்.

கலிபோர்னியாவில் 2020-ல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற 22-வது முன்மொழிவோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் தருகிறார்கள். கேட்க எவ்வளவு தாராளம்! ஆனால் ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டும். ஆர்டர் விழாத நேரம் பூஜ்ஜியம். அந்த வாக்கெடுப்புக்கு நிறுவனங்களே கோடிக் கோடியாகச் செலவு செய்தன என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கிலும் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. காத்திருப்புக்கும் காசு என்றதும், ஆர்டர் குறைவான நேரத்தில் ஆட்களை லாகின் செய்யவே விடாமல் பூட்டின. டிப்ஸ் கேட்கும் பொத்தானைப் பணம் கட்டி முடித்த பிறகு வரும்படி நகர்த்தின. சென்னையில் ஸ்லாட் போட்டு, அதாவது ஓட்டும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்து, ஓட்டுகிறவர்களுக்கு இது எப்படி முடியும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நினைத்த நேரம் ஓட்டலாம் என்ற ஒரே சலுகையும் போய்விடும்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று நம்மிடம் உண்டு. மேலே சொன்ன நான்கு தொகுப்புச் சட்டங்களில் ஒன்றான ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி ஊழியருக்குத்தான். கிக் தொழிலாளி அந்தச் சட்டத்தில் வருவதே இல்லை. ஆகவே மாநிலம் தனியாகச் சட்டம் போட வேண்டும். அப்படிப் போட்டாலும், ஒருவர் எத்தனை மணிக்கு லாகின் செய்தார், எவ்வளவு நேரம் சும்மா நின்றார் என்ற விவரம் கையில் இல்லாமல் எந்த எண்ணை எழுதுவது? நியூயார்க் நகரமே முதலில் நிறுவனங்களிடமிருந்து தரவை வாங்கி ஆராய்ந்த பிறகுதான் தொகையை முடிவு செய்தது.

என் வரிசை

ஆகவே நான் முதலில் கேட்பது பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிக்கும் மாநிலச் சட்டம். பணத்துக்காகக் கேட்பதைவிடக் கணக்குக்காகக் கேட்கிறேன். அடுத்து, ஓராண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பு நேரத்தையும் சேர்த்த கூலித் தரை. ஊழியர் அந்தஸ்து பற்றிய வழக்கு 2021-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அது அதன் போக்கில் நடக்கட்டும். கைவிட வேண்டியதில்லை, அதற்காக மற்றதை நிறுத்தி வைக்கவும் வேண்டியதில்லை. ஊழியர் அந்தஸ்துதான் முதல் என்று வாதிடும் நண்பர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஐந்து சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டால் இருபதைக் கேட்கும் தெம்பு போய்விடும் என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

வரும் நிதியை வாரியம் வழக்கம்போல் திருமண உதவி, கண் கண்ணாடி என்று பிரித்துக் கொடுத்துவிடக் கூடாது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 45-வது பிரிவு கிக் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ பலன்களைத் தரும் திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு இடம் கொடுக்கிறது. மாநில நிதியிலிருந்து சந்தா கட்டுகிறோம், எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தமிழ்நாடு கேட்கலாம். கால் உடைந்தவருக்கு மாதச் சம்பளம் வந்தால் அதுவே பெரிய மாற்றம்.

வாடிக்கையாளர் தலையில்தானே விழும் என்பார்கள். நாற்பது ரூபாய் பேஅவுட்டில் ஐந்து சதவீதம் என்றால் இரண்டு ரூபாய். 2023-ல் இரண்டு ரூபாயில் தொடங்கிய, ஆர்டருக்கு ஆர்டர் ஆப்கள் வாடிக்கையாளரிடம் வாங்கும் பிளாட்ஃபார்ம் ஃபீ இன்று பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது, அதற்காக யாரும் பிரியாணி ஆர்டர் செய்வதை நிறுத்தவில்லை.

சட்ட முன்வரைவில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கணக்குப் பொறியில் பேஅவுட் தொகையும் பிடித்த கட்டணமும் மட்டும் பதிவானால் பாதி வேலைதான் நடந்திருக்கும். லாகின் செய்த நேரம், ஆர்டர் விழுந்த நேரம், கடைக்கு வந்த நேரம், பொட்டலம் கைக்கு வந்த நேரம், கொடுத்து முடித்த நேரம், லாக்அவுட், ஓடிய மொத்தக் கிலோமீட்டர், அபராதமாகப் பிடித்த தொகை என இத்தனையும் அதில் இருக்க வேண்டும். எல்லாமே நிறுவனத்தின் சர்வரில் இப்போதே இருப்பவைதான், புதிதாக எதையும் அளக்கத் தேவையில்லை. வாரியத்துக்குப் போகும் அதே விவரம் ஓட்டுகிறவரின் போனுக்கும் வாரம் ஒருமுறை தமிழில் வர வேண்டும்.